மரபணுவைத் திருத்தச் சொன்னால் மறுக்க முடியுமா?

தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில், எனக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பதைச் சொன்னேன். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் இதற்கான சோதனை நடைபெறுகிறது. அதனால் நான் பிறந்த சில நாள்களிலேயே பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் அந்துருண்டை வைப்பதில்லை. அதுவும் சில மருந்துகளும் என் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். மற்றபடி ஓடுகிறேன், காற்பந்து ஆடுகிறேன்.

ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் இதற்குக் காரணம். “அதைத் திருத்திவிட்டால் கமாண்டோ ஆகிவிடலாமே!” என்று நண்பன் கேலி செய்தான். எனக்கோ அந்தப் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது.

மரபணுத் திருத்தம் இப்போது வெறும் கற்பனை அன்று. அரிவாள் செல் சோகைக்கான ‘கேஸ்ஜெவி’ சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. நோயாளியின் ரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, ‘கிறிஸ்பர்’ முறையில் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். இன்று நோயைத் தீர்க்கும் இந்த முறை, நாளை படைக்கு ஆள் சேர்க்கும்போது பேசப்படலாம்.

அப்போது எது ‘குறை’ என்று யார் முடிவு செய்வது? மலேரியாவுக்கான பிரைமாகுவின் மருந்து எனக்கு ஆபத்தானது. ஆனால், என் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றமே மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் தருகிறது. தவறான முடிவுகளுக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. அரிவாள் செல் மரபணுவைச் சுமந்தவர்களை, நோயாளிகளாக இல்லாதபோதும், அமெரிக்க ஆகாயப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சேர்க்கவில்லை. பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பின இளையர்கள்.

இன்னொரு கேள்வி, சம்மதம் பற்றியது. மருத்துவமனையில் நோயாளி “வேண்டாம்” என்று சொல்லலாம். கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகிய வீரர் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமா? கட்டாயச் சேவை உள்ள நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. விரும்பிய பிரிவில் சேரத் திருத்தம் ஒரு நிபந்தனையானால், படிவத்தில் இடும் கையெழுத்து உண்மையான சம்மதமாகாது.

பாதுகாப்பான சிகிச்சை வந்தால், என் உடல்நலத்துக்காக நானே அதை ஏற்கலாம். அது என் முடிவாக இருக்கவேண்டும்.

அன்று மருத்துவர் என் குறைபாட்டைப் பதிவு செய்துகொண்டார். எனக்கு எந்த மருந்தைத் தரக்கூடாது என்பது படைக்குத் தெரிந்தால் போதும். அதற்காக என்னை மாற்ற வேண்டியதில்லை.