கீரிமலைக் கேணியில் முழுகப் போகிறவர்களுக்கு

வெயிலில் வெந்துகொண்டு கீரிமலைக் கேணியின் படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் அந்த முதல் நிமிடத்தை யாரும் மறப்பதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல் அலையடிக்கிறது. இந்தப் பக்கம் கல்லிலிருந்து ஊறிவரும் குளிர்ந்த தண்ணீர் காலைத் தொட்டுச் சிலிர்க்க வைக்கிறது. கீரி முகத்தோடு வந்த நகுல முனிவரும், குதிரை முகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லியும் இங்கே முழுகிக் குணமடைந்தார்கள் என்று தல வரலாறு சொல்லும். அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை முதன்முதல் பெண்கள் கேணிக்குக் கூட்டிப் போனார். அந்தத் தண்ணீர் மேல் எனக்கு இன்றும் தீராத ஆசை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெளிந்த தண்ணீர், வடிகட்டாத கல்

"ஊத்துத் தண்ணி, அதுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் அதிகம். தண்ணீர் வந்த வழியைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் பெய்யும் மழைதான் நமக்கு எல்லாம். அந்த மழைநீர் மண்ணில் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்கி, சுண்ணாம்புக்கல்லை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து, வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் அந்த அரிப்பின் பிள்ளைதான். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

மணலுக்குள்ளால் கசியும் தண்ணீர் மெல்ல நகரும். கிருமிகளில் பெரும்பங்கு மணலிலேயே தங்கிவிடும். சுண்ணாம்புக்கல் வெடிப்பில் அப்படியில்லை. குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடும். ஆகவே தோட்டத்தில் போட்ட உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வழியாக இறங்கலாம். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நமக்குப் பழைய கதையல்ல. மேலே வாழ்கிற ஊர்கள் எப்படியோ, கீழே ஊறுகிற தண்ணீரும் அப்படித்தான். அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

பயந்து ஒதுங்க வேண்டாம். பெருமழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாட்களுக்கு முழுகுவதைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீரை விழுங்காதீர்கள். வயிற்றோட்டம் உள்ளவர்கள், குறிப்பாகச் சிறுபிள்ளைகள், குணமாகும்வரை இறங்கக் கூடாது. சவர்க்காரம், ஷாம்பு எல்லாம் கேணிக்கு வெளியே.

விரதமும் வழுக்கும் படியும்

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் எள்விழ இடமிருக்காது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து, தீர்த்தமாடி, பிதிர்க்கடன் முடித்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில், என் கண்முன்னே ஒரு ஐயா படியில் இருந்தபடியே சரிந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். வெயில் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அவருடைய மனைவிதான் விஷயத்தைச் சொன்னார்: "காலமை இன்சுலின் ஊசி போட்டவர். விரதம் எண்டு ஒண்டும் சாப்பிடேல்லை." யாரோ ஒரு பிள்ளை வைத்திருந்த இனிப்புச் சோடாவை மிடறு மிடறாகப் பருக்கினோம். கால் மணித்தியாலத்தில் எழும்பி உட்கார்ந்தார். அவர் சரிந்தது மேல் படியில். இன்னும் நான்கு படி கீழே என்றால், அந்தக் கூட்டத்தில் யார் கண்டிருப்பார்?

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுவிட வேண்டும். மடியில் குளுக்கோசோ சீனியோ இருக்கட்டும். நடுக்கமோ படபடப்போ வந்தால் விரதத்தை அங்கேயே முடியுங்கள். பிதிர்கள் கோபிக்க மாட்டார்கள். மயங்கிவிட்டவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது; புரைக்கேறிவிடும். பாசி பிடித்த படியில் வயதானவர்களைக் கையில் பிடித்தே இறக்குங்கள். வலிப்பு உள்ளவர்கள் தனியே இறங்கவே கூடாது.

நீச்சல் தெரிந்தவர்களும்

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர், கைத்தொலைபேசியைப் பார்க்காமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மதிலில் இருந்து தலைகீழாகப் பாயும் பொடியன்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் ஆழத்தைக் கண் தவறாகக் கணிக்கும். தலை கல்லில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தால், ஒரு நொடிப் பாய்ச்சலுக்காக வாழ்நாள் முழுக்கக் கைகால் அசைவற்றுப் படுக்க நேரிடலாம்.

மூழ்கியவரைக் கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதனால் போவது நேரம்தான். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, இரண்டு மூச்சு என்று விடாமல் தொடருங்கள். ஒருவர் அதைச் செய்ய, இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

மூக்கு வழியே வருவது

கேரளத்தில் அண்மைய ஆண்டுகளில் உயிர்களைப் பறித்த ‘மூளையைத் தின்னும் அமீபா’ பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நெக்ளேரியா ஃபௌலேரி என்பது அதன் பெயர். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், கடல்நீரில் வாழாது. குடித்தால் இந்த நோய் வராது, ஆளுக்கு ஆள் தொற்றாது. மூக்குக்குள் வேகமாக ஏறும் தண்ணீரோடு போய், மணம் அறியும் நரம்பு வழியே மூளையைத் தொடுகிறது. மிக அரிதான நோய்தான். ஆனால் வந்தவர்களில் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அடியில் உள்ள மண்ணைக் கலக்காதீர்கள். தலையை அமிழ்த்தும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். முழுக்குப் போடும்போது நம் பெரியவர்கள் மூக்கைப் பிடிப்பது எவ்வளவு நல்ல பழக்கம்! கன்னியா வெந்நீரூற்றுகளில் அள்ளிக் குளிப்பவர்கள், முகத்தை நிமிர்த்தி மூக்குக்குள் தண்ணீர் போகும்படி ஊற்றக் கூடாது.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிட்டு, துவாயால் வெளிப்புறத்தை ஒற்றினாலே போதும். குச்சி விடாதீர்கள். காது மடலை இழுத்தால் வலிக்கிறதென்றால் வெளிக்காதில் தொற்று இருக்கலாம். வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

காலில் வெட்டுக்காயமோ புண்ணோ இருந்தால், ஆறும்வரை கேணியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயம் வழியே எளிதாக உள்ளே போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்தே வரும். கெண்டைக்கால் தசை வலிக்கும், கண் சிவக்கும். அந்த அமீபா நோயோ சில நாட்களிலேயே கடும் தலையிடி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்று வரும்.

இரண்டுமே தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "போன ஞாயிற்றுக்கிழமை கேணியிலை முழுகினனான். காலிலை காயம் இருந்தது." எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று அவர் தீர்மானிக்க அந்த இரண்டு வசனமும் உதவும்.