காணிக்கை போட்டவர்களைக் கண்டித்த மறையுரை

1511 டிசம்பர் 21, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. கரிபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவில், சாந்தோ தொமிங்கோ ஆலயத்தில் மறையுரை ஆற்ற எழுந்தவர் டொமினிக்கன் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ். எதிரே இருந்தவர்கள் தீவை ஆண்ட தியேகோ கொலம்பஸ் (அந்தக் கொலம்பஸின் மகன்தான்), அரச அதிகாரிகள், தங்கச் சுரங்கங்களில் தாயினோ பூர்வகுடிகளைச் சாகும்வரை வேலை வாங்கிய ஸ்பானியக் குடியேறிகள். எந்த நீதியின்படி இவர்களை அடிமைகொண்டீர்கள், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்றும் முகத்துக்கு நேரே சொன்னார்.

விசுவாசத்துக்கான துணிவு என்றால் சிங்கங்களின் முன்னும் ரோம ஆளுநர்களின் முன்னும் நின்றவர்களையே நாம் நினைக்கிறோம். அங்கே எதிரி வெளியே இருந்தான். மொந்தேசினோஸ் பேசியதோ திருமுழுக்குப் பெற்று, பூசை காண வந்து, துறவிகளின் சாப்பாட்டுக்கும் பிச்சையிட்டவர்களிடம். கிறிஸ்தவத் துணிவுக்கு இதுவே கடினமான சோதனை என்பேன். அந்நியன் பகைத்தால் சொந்தக் கூட்டம் நம்மைத் தாங்கும். சொந்தக் கூட்டமே பகைத்தால் தாங்க ஆளில்லை.

அது உணர்ச்சிவசப்பட்டுக் கொட்டிய பேச்சும் அல்ல. 1510-இல் வந்திறங்கிய துறவிகள் நடப்பதைக் கவனித்தார்கள். குடியேறியாக இருந்து மனம் மாறிச் சபையில் சேர்ந்த ஒருவர் கண்ட கொடுமைகளைக் கேட்டறிந்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மறையுரையை எழுதி, கையொப்பமிட்டு, பேச்சாற்றல் மிக்கவரிடம் ஒப்படைத்தார்கள். ஆத்திரத்தோடு மடத்துக்கு வந்த ஆளுநரிடம், அது மடம் முழுவதும் சேர்ந்து சொன்னது என்றார் தலைவர் பேத்ரோ தெ கோர்தோபா. வாபஸ் வாங்காவிட்டால் மூட்டை கட்டுங்கள் என்று மிரட்டியபோது, அதற்கு அதிகப் பாடு இல்லை என்று பதில் வந்தது. உடைமையே சொற்பம்! அடுத்த ஞாயிறு மன்னிப்பை எதிர்பார்த்து ஆலயம் நிறைந்தது. மொந்தேசினோஸ் முன்பைவிடக் கடுமையாகப் பேசி, இப்படி ஆட்களை வைத்திருப்போருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டோம் என்று அறிவித்தார்.

பிரசங்க பீடத்தில் அரசியல் எதற்கு என்ற கேள்வி அன்றும் எழுந்தது. மன்னர் பெர்டினாந்து சினந்தார். ஸ்பெயினில் இருந்த சபை மேலிடமே துறவிகளைக் கண்டித்தது. ஆனால் பூர்வகுடிகளைப் பங்கிட்டுக் கொடுத்த என்கோமியெண்டா முறை, அவர்களுக்கு விசுவாசத்தைக் கற்பிப்போம் என்ற வாக்குறுதியின்மேல்தான் நின்றது. சுவிசேஷத்தின் பெயரால் ஓர் அநீதி நடக்கும்போது, சுவிசேஷத்தைப் பிரசங்கிப்பவர் வாய்மூடி இருப்பது நடுநிலை ஆகாது. அந்த ஏற்பாட்டுக்குப் போடும் கையெழுத்து அது.

பேசி என்ன பலன் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். மொந்தேசினோஸ் ஸ்பெயினுக்குப் போய் மன்னரிடமே முறையிட்ட பின் 1512-இல் பிறந்த பர்கோஸ் சட்டங்கள் கொடுமைக்குச் சில வரம்புகளை விதித்தன. முறையையோ அப்படியே விட்டுவைத்தன. சில பத்தாண்டுகளில் தாயினோ மக்கள் பெரும்பாலும் அழிந்தார்கள். இதை மழுப்பக்கூடாது. ஆனாலும் அதே முறையில் ஆட்களை வைத்திருந்த பாதிரியார் பர்த்தலோமே தெ லாஸ் கசாஸுக்கு ஒரு டொமினிக்கன் துறவி பாவமன்னிப்பு தர மறுத்திருந்தார். 1514-இல் லாஸ் கசாஸ் தமக்குப் பங்கிட்டுத் தரப்பட்ட பூர்வகுடிகளை விட்டுக்கொடுத்தார். அதன்பின் விடாமல் அவர் நடத்திய வாதம், பூர்வகுடிகளைக் காக்க வந்த 1542-இன் புதிய சட்டங்கள் பிறக்கப் பெரிய காரணம். அவரும் குறையற்றவர் அல்லர். பூர்வகுடிகளைக் காக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் யோசனை சொன்னார். பின்னாளில் அதற்காக வருந்தி எழுதினார். உண்மை பேசுகிறவருக்கும் எல்லா உண்மையும் தெரிந்துவிடுவதில்லை. தெரிந்த அளவையாவது அவர்கள் விழுங்கிவிடவில்லை. மொந்தேசினோஸின் மறையுரை நமக்குக் கிடைத்திருப்பதும் லாஸ் கசாஸ் எழுதிவைத்ததால்தான்.

எனவே, துணிச்சலான பிரசங்கம் என்று ஒன்றைப் புகழ்வதற்கு முன், அதில் கண்டிக்கப்பட்டவர்கள் அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.