கான்ட்டினோ உலக வரைபடம், 1502

போர்ச்சுகல் தன் கடல்வழிகளைப் பொத்திப் பொத்திக் காத்த காலம். இத்தாலியின் ஃபெராரா நகரப் பிரபுவுக்காக, அவருடைய முகவர் ஆல்பெர்ட்டோ கான்ட்டினோ 12 பொற்காசு கொடுத்து லிஸ்பனிலிருந்து இதை ரகசியமாக வாங்கிவந்தார்.

அருகே சென்று பாருங்கள். ஆப்பிரிக்கக் கரை நெடுகிலும் துறைமுகப் பெயர்கள் நெருக்கியடிக்கின்றன. ஆங்காங்கே போர்த்துகீசியக் கொடிகள். பிரேசிலில் வண்ணக் கிளிகள். அட்லாண்டிக்கைப் பிளந்து ஓடும் நீலக்கோடு, 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகைப் பங்கு போட்டுக்கொண்ட எல்லை. அங்கே வாழ்ந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய நான்கே ஆண்டுகளில், இந்தியா இதில் தெளிவான தீபகற்பமாகிவிட்டது!

பின்னாளில் இத்தாலியின் மோதெனா நகர அரண்மனைக்குச் சென்று, 1859 கலவரத்தில் அங்கிருந்து களவுபோன இந்தத் தோல்படம், பிறகு ஓர் இறைச்சிக்கடையில் கிடைத்தது. இன்று மோதெனாவின் எஸ்தென்சே நூலகத்தில் இருக்கிறது.