உங்களுக்குத் தெரியுமா? தாச்சி எண்ணெய் தளதளக்காது!

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கினால் ஆரையம்பதி அடுப்படிகளில் முறுக்கும் பயற்றம் பணியாரமும் பொரியத் தொடங்கிவிடும். தண்ணீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸில்; பலகாரம் பொரியும் எண்ணெயோ 180ஐத் தொடும். தண்ணீர் தளதளத்து எச்சரிக்கும். எண்ணெய் அசையாமல் கிடக்கும், அதுதான் அதன் வஞ்சகம். பிள்ளைகளின் தோல் மெல்லியது என்பதால் காயம் ஆழமாக இறங்கும்.

கல் வைத்து நிலத்தில் மூட்டிய அடுப்பென்றால் தவழும் பிள்ளையின் கைக்குத் தாச்சி எட்டும். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். உதவிக்கு வரத் துடிப்பவர்களுக்கு முற்றத்தில் மா உருட்டக் கொடுக்கலாம். (பாதி மா வாய்க்குள் போகும், அது வேறு கதை.) காஸ் அடுப்பானால் தாச்சிப் பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

சுட்டுவிட்டதா? பற்பசை, தேங்காய் எண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்தே பிடியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலக்கம் 1990, காசு கேட்கமாட்டார்கள்.