கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் எது?

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பலர் இதைக் கேட்கின்றனர். கடலை, எள், தேங்காய் என எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை எனலாம். நெய், முட்டை, இறைச்சி போன்றவற்றில்தான் உண்டு. ஆனால் அதனாலேயே எல்லாம் இதயத்துக்கு நல்லது என்று நாம் சொல்லி விற்கலாகாது. பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறை கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். வனஸ்பதியைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்போ கெட்டதைக் கூட்டுவதுடன் நல்லதையும் குறைக்கும். இதனால்தான் 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் இக்கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆகவே, கொள்முதலின்போதே லேபிளைப் படிப்போம். கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வோம். நாள் முழுதும் கல்லாவில் அமரும் நாமும் தினமும் அரைமணி நேரம் நடப்போம்.