சிகாகோ நூலகங்களுக்குப் புத்தகம் வந்த வழிகள்

1871 அக்டோபரில் சிகாகோவின் பெரும்பகுதியை அழித்த தீயில் அந்நகரின் பொது நூலகமும் சாம்பலாகியிருக்கும் என்று எண்ணிய ஆங்கிலேயர், நாவலாசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தாமஸ் ஹியூஸ் முன்னின்று நடத்திய இயக்கத்தின் வழியே 8,000க்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினர். உண்மையில், கட்டணமின்றி எவரும் படிக்கத்தக்க பொது நூலகம் எதுவும் அங்கு அதுவரை இருந்ததில்லை. சந்தா செலுத்துவோருக்கான தனியார் நூலகங்களே இருந்தன. வந்திறங்கிய நூல்களுக்கு ஒரு வீடு வேண்டியிருந்ததால், நகராட்சிகள் நூலகத்துக்கென வரி விதிக்க இடமளிக்கும் சட்டத்தை இல்லினாய் மாநிலம் 1872இல் இயற்றியது. மறு ஆண்டின் முதல் நாளில், பயனற்றுக் கிடந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. நன்கொடையைவிட அந்தச் சட்டமே பெரிய கொடை எனலாம். நன்கொடை ஒருமுறை வருவது, வரியோ ஆண்டுதோறும் வருவது.

ராக்ஃபெல்லரின் பொருளுதவியோடு 1890இல் நிறுவப்பட்ட தனியார் நிறுவனமான சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூல்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1954இல் அமெரிக்கா இயற்றிய ‘பி.எல். 480’ எனும் சட்டம், உணவு தானியத்தை வாங்கும் நாடுகள் அதன் விலையை டாலரில் அன்றித் தத்தம் நாணயத்திலேயே செலுத்த வழிசெய்தது. இந்தியா கோதுமைக்காகச் செலுத்திய ரூபாய் இவ்வாறு இங்கேயே குவிந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் இந்திய மொழி நூல்களைப் பெருவாரியாக வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியபோது, தமிழ் நூல்களும் அவற்றோடு சிகாகோவைச் சென்றடைந்தன. பஞ்சகாலத்துக் கோதுமை புத்தகமாக மாறியது என்பது கேட்க வேடிக்கைதான்.

சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பதிப்பை எதிர்பாராது கண்டெடுத்ததும் 1962இல்தான், அப்பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்து அடித்தள அடுக்குகளில். எனினும் அந்நூல் இத்திட்டத்தால் வந்ததன்று.

1990களில் வழி மாறியது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய அச்சுநூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் வாங்கிய அப்பல்கலைக்கழகம், அவற்றைக் கடல்கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்கத் துணைநின்று, நுண்படச் சுருள்களில் பதிவுசெய்யும் பணியை அங்கேயே தொடங்கியது.