கோடும் புள்ளியும்: குறை ஸ்கேனரிலா, பழைய படத்திலா?

தோட்டத்து வீட்டு வாசலில் தாத்தா பாட்டி நின்று எடுத்த படம், மஞ்சளேறிய பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் படம் ஆகியவற்றை வீட்டு ஸ்கேனரில் பதிந்து வைக்கப் பல குடும்பங்கள் முயல்கின்றன. திரையில் கோடும் புள்ளியும் தெரிந்தால், படமே கெட்டுவிட்டது என்று அதோடு விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆனால், குறை எப்போதும் படத்தில்தான் இருக்கும் என்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். புள்ளி படத்தோடு சேர்ந்து இடம் மாறினால், அது படத்தில் உள்ள கறை. கண்ணாடியில் அதே இடத்திலேயே நின்றால், அது தூசி அல்லது கைரேகை.

கண்ணாடியைத் துடைக்கும்முன் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். மருந்தைக் கண்ணாடிமேல் தெளிக்காமல், மென்மையான துணியில் சிறிது நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பானது. ஈரம் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கக் கூடாது. கண்ணாடி நன்றாகக் காய்ந்த பிறகே படத்தை வைக்க வேண்டும். ஈரம் பட்டால் பழைய படம் ஒட்டிக்கொள்ளும்.

மேலே செருகும் தாளில் மட்டும் நீளக் கோடு விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள ஒடுக்கமான கண்ணாடிப் பட்டையைத் துடையுங்கள். பழைய படங்களையும் நைந்த பத்திரங்களையும் அந்த வழியில் செருகவே வேண்டாம். கசங்கியோ கிழிந்தோ போகலாம்.

பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறதா? தாளின் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். பழைய நாளிதழ்ப் படத்தில் அலை அலையாகக் கோலம் விழுந்தால், ஸ்கேனர் அமைப்பில் ‘டீஸ்கிரீன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பத்திரத்துக்கு 300 டிபிஐ போதும். சிறிய படத்தைப் பெரிதாக்க அது போதாது. 35க்கு 50 மில்லிமீட்டர் கடப்பிதழ் அளவுப் படத்தை 1200 டிபிஐயில் பதிந்தால், நான்கு மடங்கு நீள அகலத்தில் தெளிவாக அச்சிடலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும்; ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புவதே நல்லது. கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்று மூலப் பத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அலுவலகத்தில் மூலப் பத்திரத்தைக் கேட்டால், நகலைக் காட்டி மட்டும் சமாளிக்க முடியாது.